கட்டிப்போட்டு எரித்த ராக்கெட்

2021 மார்ச் 18. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஸ்டெனிஸ் விண்வெளி மையம். இரும்பாலும் கான்கிரீட்டாலும் கட்டிய உயரமான ஒரு மேடையில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான ராக்கெட் அடுக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் இருந்த நான்கு எஞ்சின்களும் அடுத்தடுத்துப் பற்றிக்கொண்டன. தரை அதிர்ந்தது. வெள்ளை மேகம் பொங்கி எழுந்தது. 8 நிமிடத்துக்கும் மேலாக எஞ்சின்கள் முழங்கின. ஆனால் ராக்கெட் ஓர் அங்குலம்கூட மேலே கிளம்பவில்லை. கிளம்பக் கூடாது என்றுதான் அதை மேடையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள். எஞ்சின்கள் அணைந்ததும் பொறியாளர்கள் கைதட்டி மகிழ்ந்தார்கள்.

பறக்காத ராக்கெட்டுக்கு எதற்குக் கைதட்டல்? அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எட்டு நிமிட வேலை

ராக்கெட்டை ஒரே துண்டாகச் செய்வதில்லை. அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி எஞ்சின் உண்டு, தனித் தொட்டிகள் உண்டு. ஓர் அடுக்கில் எரிபொருள் தீர்ந்ததும் அது கழன்று விழும். காலியான தொட்டியை எதற்கு வீணாகச் சுமக்க வேண்டும்? அதன்பின் அடுத்த அடுக்கு வேலையைத் தொடங்கும்.

மிசிசிப்பியில் நின்றது, எஸ்.எல்.எஸ். என்ற ராக்கெட்டின் மைய அடுக்கு. மனிதர்களை மறுபடியும் நிலவுக்கு அனுப்ப நாசா நடத்தும் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்காகச் செய்த ராக்கெட் இது. மைய அடுக்கின் உயரம் கிட்டத்தட்ட 65 மீட்டர். குறுக்களவு 8.4 மீட்டர். அதன் இரு பக்கமும் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள் ஒட்டியிருக்கும். அவை இரண்டே நிமிடத்தில் தீர்ந்து கழன்றுவிடும். மைய அடுக்கு மட்டும் எட்டு நிமிடம் எரிந்து, மேலே உள்ள விண்கலத்தை விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டுக் கழன்று கடலில் விழும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது.

இந்த எட்டு நிமிடத்தில் நடுவே ஏதாவது கோளாறு என்றால் என்ன செய்வது? வானத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து, பழுது பார்க்க வழியில்லை. ஆகவே கேட்க வேண்டிய எல்லாக் கேள்வியையும் தரையிலேயே கேட்டுவிட வேண்டும். எட்டு நிமிட வேலைக்காக இந்த அடுக்கு ஓராண்டுக்கும் மேல் சோதனை மேடையில் நின்றது இதனால்தான்.

பெரிய தொட்டி லேசு, சின்னத் தொட்டி கனம்

மைய அடுக்கில் ஐந்து பகுதிகள் உண்டு. உச்சியில் கணினிகள் இருக்கும் மேல் வளையம். அதற்குக் கீழே ஆக்சிஜன் தொட்டி. பிறகு ஓர் இணைப்புப் பகுதி. அதன் கீழே ஹைட்ரஜன் தொட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு எஞ்சின்கள் இருக்கும் பகுதி.

ஹைட்ரஜன் எரிபொருள். அது எரிய ஆக்சிஜன் வேண்டும். மேலே போகப் போகக் காற்று இல்லாமல் போய்விடும் அல்லவா? அதனால் ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் தானே சுமந்துகொண்டு போகிறது. இரண்டும் வாயுவாக இருந்தால் மிகப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே நன்றாகக் குளிரவைத்துத் திரவமாக்கி நிரப்புகிறார்கள். திரவ ஆக்சிஜனின் குளிர் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ். திரவ ஹைட்ரஜன் இன்னும் மோசம்: மைனஸ் 253 டிகிரி!

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஹைட்ரஜன் தொட்டி சுமார் 20 லட்சம் லிட்டர் கொள்ளும். ஆக்சிஜன் தொட்டி சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர்தான். இரண்டையும் நிரப்பினால் எது அதிக எடை?

ஹைட்ரஜன் என்று சொன்னீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனோ 71 கிராம்தான். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் 1,140 கிராம் இருக்கும். ஆக, 20 லட்சம் லிட்டர் ஹைட்ரஜன் சுமார் 140 டன். 7 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் ஆக்சிஜன் சுமார் 840 டன். சிறிய தொட்டியில்தான் ஆறு மடங்கு எடை!

இந்தக் குளிரால் இன்னொரு சிக்கலும் வருகிறது. உலோகம் குளிர்ந்தால் சுருங்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 40 மீட்டர் நீளமுள்ள ஹைட்ரஜன் தொட்டியை நிரப்பியதும் அது நீளத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் குறைந்துவிடும். அதோடு சேர்த்து இணைத்த குழாய்கள், கம்பிகள், பிடிமானங்கள் எல்லாம் இந்தச் சுருக்கத்துக்கு வளைந்துகொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஓரிடத்தில் பிய்ந்துவிடும். வெளிச் சூடு உள்ளே போகாமல் இருக்கத் தொட்டியின் மேல் நுரைப் பூச்சு பூசுகிறார்கள். ராக்கெட் ஆரஞ்சு நிறத்தில் தெரிவது அந்த நுரையால்தான். வெயில் பட்டுப் பட்டு அதன் நிறம் இன்னும் அடர்த்தியாகும்.

உருக்காமல் ஒட்டும் வித்தை

இந்த அடுக்கைச் செய்த இடம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உள்ள மிஷோ தொழிற்சாலை. அப்பல்லோ காலத்தில் மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கைச் செய்ததும் இங்கேதான்.

தொட்டிகள் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனவை. வளைத்த தகடுகளைச் சேர்த்து வளையங்கள் செய்கிறார்கள். அந்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் குவிமாடம் போன்ற மூடிகளைச் சேர்த்தால் தொட்டி தயார். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. வழக்கமான வெல்டிங்கில் உலோகத்தை உருக்கி ஒட்டுவார்கள். உருகிய உலோகம் மறுபடி இறுகும்போது உள்ளே நுண்ணிய துளையோ விரிசலோ வரலாம். ஆகவே இங்கே உருக்குவதே இல்லை. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில், வேகமாகச் சுழலும் கடினமான ஒரு முளையை அழுத்தி நகர்த்துகிறார்கள். உராய்வின் சூட்டில் உலோகம் குழைகிறது. முளை இரு பக்கத்து உலோகத்தையும் கிளறிக் கலந்துவிடுகிறது. ஆறியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த வேலைக்காகவே 50 மீட்டருக்கும் மேல் உயரமான ஓர் இயந்திரத்தை மிஷோவில் நிறுவியிருக்கிறார்கள்.

எஞ்சின்களின் பெயர் ஆர்.எஸ்.-25. முதல் எஸ்.எல்.எஸ். ராக்கெட்டில் பொருத்திய நான்கும், முன்பு விண்வெளி ஓடங்களில் பறந்து திரும்பி வந்த எஞ்சின்கள். மைனஸ் 253 டிகிரியில் உள்ளே வரும் ஹைட்ரஜன், ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது வெப்பம் 3,000 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் எஞ்சினே உருகிவிடாதா? குளிர்ந்த ஹைட்ரஜனை முதலில் எஞ்சினின் சுவரில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாக ஓடவிடுகிறார்கள். அது சுவரைக் குளிர்வித்துவிட்டுப் பிறகுதான் எரியப் போகிறது.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? தண்ணீர். சோதனையின்போது எழுந்த வெள்ளை மேகம் புகையல்ல, நீராவி.

வேண்டுமென்றே உடைத்தார்கள்

பறக்கப்போகும் தொட்டியைச் சோதிக்கும் முன், அதே அளவில், அதே முறையில் இன்னொரு தொட்டியைச் செய்தார்கள். அது பறப்பதற்கு அல்ல, உடைப்பதற்கு! அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் உள்ள மார்ஷல் மையத்தில் அதை ஒரு பெரிய சட்டகத்துக்குள் நிறுத்தி, நாலா பக்கமும் இருந்து நீரியல் உருளைகளால் அழுத்தியும் இழுத்தும் பார்த்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய விசைகளை அது எளிதாகத் தாங்கியது. அதோடு நிறுத்தவில்லை.

2019 டிசம்பர் 5 அன்று அந்த ஹைட்ரஜன் தொட்டி உடையும்வரை விசையைக் கூட்டினார்கள். பறக்கும்போது எதிர்பார்க்கும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலான விசையை அது ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தாங்கி நின்றது. அதற்குப் பிறகுதான் ஓரிடத்தில் மடங்கிக் கிழிந்தது. எந்த இடத்தில் கிழியும் என்று பொறியாளர்கள் கணினியில் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். அதே இடத்தில்தான் கிழிந்தது! தொட்டி போனது போனதுதான். ஆனால் தங்கள் கணக்கு சரி என்பது அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. அந்தக் கணக்கை நம்பித்தான் பறக்கும் தொட்டியின் சுவர் எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். சுவர் ஒரு மில்லிமீட்டர் தடித்தாலும் டன் கணக்கில் வீண் எடை கூடிவிடும்.

சத்தத்துக்காகக் காலியான ஊர்கள்

இவ்வளவு பெரிய எஞ்சின்களை எங்கே வைத்து எரிப்பது? பக்கத்தில் ஊர் இருக்கக் கூடாது. கண்ணாடி நொறுங்கும், காது போகும், விபத்து நடந்தால் உயிர் போகும். 1961இல் நாசா மிசிசிப்பியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தது. காரணம், அங்கே மக்கள் குறைவு, நீர்வழி உண்டு. 8.4 மீட்டர் அகலமான தொட்டியைச் சாலையில் கொண்டுபோக முடியாது. தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொண்டுபோகலாம். மிஷோ தொழிற்சாலை, ஸ்டெனிஸ் சோதனை மையம், புளோரிடாவின் கென்னடி ஏவுதளம் மூன்றும் நீர்வழியால் இணைந்திருப்பது தற்செயல் இல்லை.

மக்கள் குறைவு என்றாலும் அங்கே மனிதர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். கெயின்ஸ்வில், லாக்டவுன் முதலிய ஐந்து சிற்றூர்கள் இருந்தன. 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு, தோட்டம், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. நிலவுப் பயணத்தின் கதையைச் சொல்லும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இன்றும் மையத்தைச் சுற்றி சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் யாரும் குடியிருக்க அனுமதி இல்லை.

எஸ்.எல்.எஸ். அடுக்கை நிறுத்திய பி-2 மேடையில்தான் அப்பல்லோ காலத்தில் சாட்டர்ன் 5-இன் முதல் அடுக்குகளைச் சோதித்தார்கள். அதே வளாகத்தில் 1966 மே 28 அன்று ஒரு விபத்தும் நடந்தது. சாட்டர்ன் 5-இன் இரண்டாம் அடுக்கின் சோதனை மாதிரி ஒன்று அங்கே நின்றிருந்தது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க, அதன் ஹைட்ரஜன் தொட்டியில் ஹீலியம் வாயுவை ஏற்றினார்கள். தொட்டியின் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவிகளின் இணைப்பை அதற்கு முன் வேறு யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். அடுத்து வேலைக்கு வந்தவர்களுக்கு அது தெரியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய்த் தொட்டி வெடித்துச் சிதறியது. மேடையில் இருந்தவர்கள் லேசான காயங்களோடு தப்பினார்கள்.

ராக்கெட்டில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு குழு செய்ததை இன்னொரு குழுவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சோதனை செய்கிறவர்களையும் அவர்களின் முறைகளையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும் என்பதை இது காட்டியது.

எட்டுச் சோதனைகள்

எஸ்.எல்.எஸ். மைய அடுக்கு 2020 ஜனவரியில் பெகாசஸ் என்ற பெரிய மிதவைக் கப்பலில் ஸ்டெனிஸுக்கு வந்தது. அடுத்து எட்டுச் சோதனைகள் காத்திருந்தன. எடுத்த எடுப்பில் நெருப்பு வைக்கவில்லை. ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

முதலில் குலுக்கும் சோதனை. எல்லாப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு வேகம் உண்டு. நீளமான ராக்கெட் பறக்கும்போது லேசாக வளைந்து அதிரும். கணினி அந்த வளைவைப் பார்த்து, ‘திசை மாறிவிட்டது’ என்று தவறாக நினைத்து எஞ்சினைத் திருப்பினால் அதிர்வு இன்னும் கூடிவிடும். ஆகவே அடுக்கைத் தொங்கவிட்டு, கருவிகளால் குலுக்கி, அது எந்த வேகத்தில் எப்படி அதிர்கிறது என்று அளந்தார்கள்.

இரண்டாவதாக, கணினிகளுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது மிக முக்கியமானது. கோளாறு வந்ததுபோல் போலியாகச் செய்து, அடுக்கு தன்னைத்தானே பத்திரமாக நிறுத்திக்கொள்கிறதா என்று பார்ப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்.

நான்காவது கசிவுச் சோதனை. சைக்கிள் டியூபில் ஓட்டை எங்கே என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? காற்றடித்துத் தண்ணீரில் முக்குவார். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. 65 மீட்டர் ராக்கெட்டை எந்தத் தண்ணீரில் முக்குவது? எனவே குழாய்களுக்குள் வாயுவை அழுத்தி நிரப்பி, ஒவ்வொரு மூட்டிலும் கருவி வைத்துத் தேடுகிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு மிகமிகச் சிறியது. மற்ற பல வாயுக்கள் நுழைய முடியாத இடுக்கிலும் அது நழுவி வெளியேறிவிடும்.

ஐந்தாவது, எஞ்சின்களை இப்படியும் அப்படியும் திருப்பும் அமைப்பைச் சோதிப்பது. ராக்கெட்டுக்கு ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. எஞ்சினையே சாய்த்துத்தான் திசை மாற்றுகிறார்கள். பல டன் எடையுள்ள எஞ்சினைச் சாய்க்க அழுத்தமேற்றிய எண்ணெய் பயன்படுகிறது. ஆறாவது, எரிபொருள் இல்லாமல் ஒரு கவுன்ட்டவுன் ஒத்திகை.

இடையில் கொரோனா வந்து வேலை நின்றது. பிறகு மெக்சிகோ வளைகுடாப் புயல்கள் வரிசையாக வந்து வேலையை நிறுத்தின. ஏழாவது சோதனையை எட்டும்போது 2020 டிசம்பர் ஆகிவிட்டது. அதில் முதல் முறையாகத் தொட்டிகளை உண்மையான எரிபொருளால் நிரப்பினார்கள். 114 டாங்கர் லாரிகள் கொண்டுவந்த திரவங்களை ஆறு மிதவைக் கப்பல்களில் சேர்த்து வைத்து, அவற்றிலிருந்து ராக்கெட்டுக்கு ஏற்றினார்கள். ஒத்திகை முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது கணினி கவுன்ட்டவுனை நிறுத்திவிட்டது. காரணம்? ஒரு வால்வு மூடிக்கொண்ட நேரம் எதிர்பார்த்ததைவிட நொடியின் ஒரு சிறு பகுதி மாறியிருந்தது! வால்வில் பழுது ஏதும் இல்லை. நேரக் கணக்கைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

67 நொடியில் நின்றது

எட்டாவது சோதனைதான் நெருப்பு. 2021 ஜனவரி 16 அன்று நான்கு எஞ்சின்களையும் எட்டு நிமிடம் எரிக்கத் திட்டம். நான்கும் சேர்ந்து தரும் உந்துவிசை, 700 டன்னுக்கும் மேலான எடையைத் தூக்கப் போதுமானது. எஞ்சின்களிலிருந்து பாயும் நெருப்பு நேராக மேடையின் அடித்தளத்தில் மோதினால் அதுவும் உருகிவிடும். ஆகவே கீழே ஒரு வளைந்த உலோகச் சரிவு நெருப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதைக் குளிர்விக்கவும் சத்தத்தின் அதிர்வை அடக்கவும் நிமிடத்துக்கு 12 லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் பாயும்.

எஞ்சின்கள் நன்றாகப் பற்றின. ஒரு நிமிடம் கழிந்தது. திட்டப்படி எஞ்சின்களைச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 67 நொடியில் எல்லாம் சட்டென்று நின்றுபோயிற்று.

செய்தி பார்த்த பலர், ‘ராக்கெட் தோற்றுவிட்டது’ என்றார்கள். நடந்தது என்ன? ஓர் எஞ்சினைச் சாய்க்கும் எண்ணெய் அமைப்பின் அளவுகள், முன்கூட்டியே குறித்து வைத்த எல்லையைத் தொட்டுவிட்டன. உடனே கணினி நான்கு எஞ்சின்களையும் அணைத்தது. அந்த எல்லையை வேண்டுமென்றே மிகக் கண்டிப்பாக வைத்திருந்தார்கள். ஏனென்றால் இது விளையாட்டுப் பொருளல்ல, பறக்கப்போகும் அதே அடுக்கு. சோதனையில் அது சேதமாகிவிட்டால் வேறொன்று கையில் இல்லை. இதுவே வானத்தில் நடந்திருந்தால் ராக்கெட் நின்றிருக்காது. மற்ற எஞ்சின்களின் அமைப்புகளைக் கொண்டு தொடர்ந்து பறந்திருக்கும் என்று நாசா விளக்கியது.

மூன்றாவது சோதனை நினைவிருக்கிறதா? ‘தவறு வந்தால் உன்னை நீயே நிறுத்திக்கொள்வாயா?’ என்று அன்று கேட்டார்கள். ஜனவரி 16 அன்று ராக்கெட் அதற்குச் செயலில் பதில் சொன்னது.

ஆனாலும் 67 நொடி போதாது. பறக்கும் நேரம் முழுவதும் எஞ்சின்களும் தொட்டிகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிய வேண்டும். தொட்டி காலியாகக் காலியாக உள்ளே அழுத்தம் மாறும், எடை குறையும், அதிர்வு மாறும். அதையெல்லாம் அரைகுறையாக எரித்து அறிய முடியாது. எனவே மறுபடியும் எரிக்க முடிவு செய்தார்கள். பிப்ரவரியில் நாள் குறித்தபோது, ஆக்சிஜன் பாயும் வழியில் ஒரு வால்வு சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அதைச் சரிசெய்தார்கள். மார்ச் 18 அன்று எஞ்சின்கள் 499.6 நொடி எரிந்தன. உந்துவிசையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், எஞ்சின்களைச் சாய்த்துப் பார்த்தார்கள். எல்லாம் சொன்னபடி நடந்தது. கைதட்டல் அதற்குத்தான்.

அதன்பின் எஞ்சின்களை உலர்த்தி, நுரைப் பூச்சில் ஏற்பட்ட சேதங்களைச் சரிசெய்து, மறுபடியும் பெகாசஸில் ஏற்றினார்கள். ஏப்ரல் கடைசியில் அது புளோரிடா போய்ச் சேர்ந்தது.

தரையில் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரிந்துவிடாது. 2022 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்த ராக்கெட்டை ஏவ முயன்றபோது இரண்டு முறை தள்ளிப்போட வேண்டியிருந்தது. முதல் முறை, ஓர் எஞ்சின் போதிய அளவு குளிரவில்லை என்று ஓர் உணரி காட்டியது. அந்த உணரி சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் முறை, ஏவுமேடையிலிருந்து ஹைட்ரஜன் ஏற்றும் குழாய் ராக்கெட்டோடு சேரும் இடத்தில் கசிவு. ஏவுமேடை வேறு, சோதனை மேடை வேறு. புதிய இடத்தில் புதிய கேள்விகள் வரும். கடைசியில் 2022 நவம்பர் 16 அன்று ராக்கெட் கிளம்பியது. மைய அடுக்கு தன் எட்டு நிமிட வேலையைக் குறையின்றிச் செய்துவிட்டுக் கடலில் விழுந்தது. ஆர்ட்டெமிஸ் 1 விண்கலம் நிலவைச் சுற்றித் திரும்பியது.

பக்கவாட்டு பூஸ்டர்களையும் இப்படியே சோதித்தார்களா? இல்லை. அவற்றில் இருப்பது திட எரிபொருள். பற்றவைத்தால் தீரும்வரை எரியும், அணைக்க முடியாது. ஒரு முறை எரித்த பூஸ்டரை அப்படியே பறக்கவிடவும் முடியாது. எனவே அதே மாதிரி இன்னொன்றைச் செய்து, யூட்டா மாநிலத்தில் தரையில் படுக்கவைத்து எரித்துப் பார்த்தார்கள். திரவ எரிபொருள் அடுக்கின் பெரிய வசதி இதுதான்: எரிக்கலாம், நிறுத்தலாம், மறுபடி நிரப்பிப் பறக்கவும் விடலாம்.

நம் மகேந்திரகிரியில்

இப்படிப்பட்ட சோதனை மேடைகள் நம் ஊர்ப் பக்கமும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மகேந்திரகிரி இருக்கிறது. அங்கே உள்ள இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில்தான் நம் ராக்கெட்டுகளின் திரவ எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள்.

இன்று எல்.வி.எம்.-3 என்று அழைக்கப்படும் ராக்கெட்டின் மைய அடுக்குக்கு எல்-110 என்று பெயர். அதில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். 2010 மார்ச் 5 அன்று மகேந்திரகிரியில் அந்த அடுக்கை 200 நொடி எரிக்கத் திட்டமிட்டார்கள். 150 நொடியில் ஓர் அளவு எல்லையைத் தாண்டியது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சரிசெய்து, அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று மறுபடியும் எரித்தார்கள். இந்த முறை 200 நொடியும் முழுமையாக எரிந்தது. மிசிசிப்பியில் 67 நொடியில் நின்ற கதையைப் போலவே இருக்கிறது, பார்த்தீர்களா? நம் கதை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது!

அதே ராக்கெட்டின் மேல் அடுக்கு, சி-25 என்ற கிரையோஜெனிக் அடுக்கு. அதிலும் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும்தான். அதை 2017 ஜனவரி 25 அன்று முதலில் 50 நொடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பின், பிப்ரவரி 17 அன்று பறக்கும் நேரத்துக்கு ஈடாக 640 நொடி எரித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் முதல் முறையாகச் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு வெற்றிகரமாகப் பறந்தது. 2023இல் சந்திரயான்-3-ஐ நிலவை நோக்கி அனுப்பியதும் இந்த வகை ராக்கெட்தான்.

நண்பர்களே, அடுத்த முறை ‘ராக்கெட் சோதனை பாதியில் நின்றது’ என்று செய்தி வந்தால், உடனே தோல்வி என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நொடியில் நின்றது? எது நிறுத்தியது? நிறுத்தியபின் என்ன கண்டுபிடித்தார்கள்? பதில் கிடைத்தால் அந்தச் சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். தரையில் நின்ற ராக்கெட்டைத் திருத்தலாம். வானத்தில் நின்றுபோன ராக்கெட்டை யாராலும் திருத்த முடியாது.